அதே தேனீ, அதே விஷம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, மச்சினன் மயங்கி விழுந்தான். உடம்பு எப்படிப் பழகுகிறது?

கதம்பைப்புகை (மார்த்தாண்டம் பக்கம்) · பங்குனி முதல் வாரம்

எல்லோருக்கும் வணக்கம். ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவன் நான். 22 வருடமாக இதே வேலை, இப்போது 60 பெட்டி ஓடுகிறது. ஒரு சந்தேகம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கொட்டு வாங்கினால் கை மூன்று நாளைக்கு வீங்கிக் கிடக்கும். ஒரு தடவை இமையில் கொட்டி, கண் முழுக்க மூடிக்கொண்டு, சொந்தத் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கே போக முடியவில்லை. இப்போது ஒரே நாளில் பத்துப் பதினைந்து கொட்டு விழுந்தாலும் சுருக்கென்று வலிக்கும், கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு வரும், ராத்திரிக்குள் அடங்கிவிடும்.

என் மச்சினன் தேன் எடுக்கும் காலத்தில் மட்டும் உதவிக்கு வருவான். வருடத்துக்கு ஐந்தாறு கொட்டு வாங்குவான், அவ்வளவுதான். மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தான். போன மாசியில் ஒரு மத்தியானம், நான் தேனடைச் சட்டங்களைத் தூக்கிக் கொடுக்க அவன் தேனீயை உதறிக்கொண்டிருந்தான். கழுத்தில் ஒரே ஒரு தேனீ கொட்டியது. பத்து நிமிடத்தில் உள்ளங்கை அரிக்கிறது என்றான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிறு முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கிறது. "அத்தான், தொண்டைக்குள்ள என்னமோ அடைக்குது" என்றபோது குரலே மாறிவிட்டது. சுண்ணாம்பு தடவினேன். ரப்பர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவன் அப்படியே சரிந்தான். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போனோம். ரத்த அழுத்தம் அளக்கவே முடியவில்லை என்றார்கள். ஊசி போட்ட பிறகுதான் கண் திறந்தான்.

ஒரே தோட்டம், ஒரே பெட்டி. எனக்குப் பழகிய விஷம் அவனுக்கு ஏன் பழகவில்லை?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உபயோகப்படலாம். மழைக்காலத்தில் பெட்டியை அதிகம் திறக்க மாட்டோம். தை மாதம் மறுபடி ஆரம்பிக்கும்போது முதல் சில கொட்டுகள் எனக்கும் கொஞ்சம் வீங்கும். ஒன்றிரண்டு வாரம் போனால் வீக்கம் வருவதில்லை. வருடா வருடம் இப்படித்தான்.


செல்நோக்கி

அண்ணாச்சி, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தோல் மரத்துவிட்டது, விஷம் ஏறவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. உங்களுக்கும் விஷம் ஏறத்தான் செய்கிறது. சுருக்கென்ற வலி இன்னும் இருக்கிறதே, அதுவே சாட்சி. தேனீ விஷத்தைக் காயவைத்தால் எடையில் கிட்டத்தட்டப் பாதி மெலிட்டின். வலி பெரும்பாலும் அதன் வேலை. ஆனால் நம் நோயெதிர்ப்பு மண்டலம் முக்கியமாக அடையாளம் வைத்துக்கொள்வது பாஸ்ஃபோலிபேஸ் ஏ2 என்ற இன்னொரு புரதத்தை.

மச்சினனின் முந்தைய கொட்டுகளிலேயே அவர் உடம்பு இந்தப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துவிட்டது. ஐஜிஇ ரத்தத்தில் சும்மா சுற்றாது. தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் காவல் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நாண் ஏற்றி வைத்த எலிப்பொறி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கொட்டில் அந்தப் புரதம் வந்து தொட்டதும் மாஸ்ட் செல்கள் அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளை மொத்தமாகக் கொட்டிவிடும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசியும், தொண்டை வீங்கும், அழுத்தம் விழும். எல்லாம் நிமிடக் கணக்கில். ஒரு தேனீ செலுத்துவது 50 முதல் 140 மைக்ரோகிராம் விஷம். ஒரு வளர்ந்த ஆளை விஷத்தின் நச்சாலேயே வீழ்த்த நூற்றுக்கணக்கில் கொட்ட வேண்டும். மச்சினனைச் சாய்த்தது அவர் உடம்பு கொடுத்த பதில்.

உங்கள் உடம்பு வேறு பாடம் படித்திருக்கிறது. பல வருடம் கொட்டு வாங்கிய தேனீக்காரர்கள் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற இன்னொரு எதிர்ப்பொருள் ஏராளமாக இருக்கும். விஷப் புரதம் மாஸ்ட் செல்லைத் தொடும் முன்பே இது போய்ப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் பின்னால் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன (டி செல் என்பது ஒரு வகை வெள்ளை அணு). ஐஎல்-10 என்ற பொருளைச் சுரந்து, "இது தெரிந்ததுதான், பதற வேண்டாம்" என்று மற்ற செல்களை அமைதிப்படுத்துவது அவற்றின் வேலை. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற மலை ஊரில் இருக்கும் ஒவ்வாமை ஆய்வு நிறுவனத்தில் அக்டிஸ் குழுவினர் 1998-இலேயே தேனீ விஷத்தை வைத்து ஐஎல்-10-இன் பங்கைக் காட்டினார்கள்.

இப்போது உங்கள் தை மாதக் கதைக்கு வருகிறேன். அதே டாவோஸ் குழு, ஒவ்வாமை இல்லாத தேனீ வளர்ப்பவர்களின் ரத்தத்தைப் பருவம் தொடங்கும் முன்பும், கொட்டு வாங்க ஆரம்பித்த பிறகும், பருவம் முடிந்த பிறகும் எடுத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டது. கொட்டு விழ ஆரம்பித்த சில நாட்களிலேயே, விஷத்தைக் கண்டு கூச்சல் போட்ட டி செல்கள் ஐஎல்-10 சுரக்கும் அமைதி வகைக்கு மாறிவிட்டன. பருவம் முழுக்க அப்படியே இருந்தன. கொட்டு நின்ற இரண்டு மூன்று மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பின. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து. நீங்கள் வீக்கத்தில் கண்டதை அவர்கள் சோதனைக் குழாயில் கண்டிருக்கிறார்கள்.

மச்சினனுக்கு ஏன் இல்லை என்றால், எண்ணிக்கையும் இடைவெளியும் பெரிய காரணம். பிரான்சில் 1980-களில் தேனீ வளர்ப்பவர்களை ஆராய்ந்தபோது, வருடத்துக்கு 200-க்கு மேல் கொட்டு வாங்குபவர்களுக்கு உடம்பு முழுக்கப் பரவும் ஒவ்வாமை காணப்படவில்லை. 25-க்குக் கீழே வாங்குபவர்களிடம்தான் அது நிறைய இருந்தது. வருடத்துக்கு ஐந்தாறு என்பது உடம்பை உஷார்ப்படுத்தப் போதும், பழக்கப் போதாது. இது எல்லோருக்கும் பொருந்தும் சட்டம் என்று சொல்ல மாட்டேன். பரம்பரை வாகும் உண்டு, மாஸ்ட் செல்களே அதிகமாக இருக்கும் நோயும் உண்டு.


வைகைக்கரை

நல்ல விளக்கம் சார். ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. "பழகுவது" என்றால் உடம்பு சலித்துப்போய் விட்டுவிடுகிறது என்று அர்த்தமா? பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்கிற மாதிரி?

அப்புறம் பாம்பு விஷ முறிவு மருந்து தயாரிக்கக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றுகிறார்கள் அல்லவா? வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்தில் விஷம் எடுப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குவளையின் மேல் கட்டிய சவ்வைப் பாம்பு கடிக்க, மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த விஷம்தான் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது என்றார்கள். குதிரையும் நம் தேன்காரரும் ஒன்றா?


செல்நோக்கி

நல்ல கேள்வி, இரண்டும்.

சலிப்பு இல்லை. சலித்து விட்டுவிடுவதும் ஒரு வழியாக உடம்பில் இருக்கிறதுதான், சில டி செல்கள் செயலிழந்து போகும். ஆனால் தேனீ விஷயத்தில் நடப்பது வேலை செய்து சம்பாதித்த அமைதி. முன்பு சொன்ன ஒழுங்குபடுத்தும் டி செல்கள், அதாவது அடக்கும் செல்கள், தினமும் வேலை பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எலிகள் காட்டின. பிறந்த மூன்றாம் நாளில் சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை (டி செல்கள் வளர்ந்து தயாராகும் இடம்) எடுத்தால் அவற்றின் நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உறுப்புகளையே தாக்க ஆரம்பிக்கும். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி இதை விடாமல் துரத்தி, 1995-இல் அடக்கும் டி செல்களைத் தனியாக அடையாளம் காட்டினார். அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் தோல் செதில் செதிலாக உதிர்ந்து சீக்கிரமே சாகும் ஒரு வகை எலியில் கெட்டுப்போன மரபணு எது என்று தேடி, 2001-இல் ஃபாக்ஸ்பி3-ஐக் கண்டுபிடித்தார்கள். அடக்கும் டி செல்கள் உருவாகவே இந்த மரபணு வேண்டும் என்பது அடுத்த இரண்டு வருடத்தில் தெளிவானது. 2025 மருத்துவ நோபல் பரிசு இந்த மூவருக்குத்தான். எனக்கு அந்த நாள் திருவிழா மாதிரி இருந்தது. அடக்கும் செல்கள் என்ற பேச்சே எடுபடாத காலம் ஒன்று இருந்தது. அப்போதும் சகாகுச்சி இதை விடவில்லை.

இதற்கும் முன்னால் மாட்டுத் தொழுவத்தில் ஒரு கதை நடந்திருக்கிறது. 1945-இல் ரே ஓவன் என்ற அமெரிக்கர் இரட்டைக் கன்றுகளின் ரத்தத்தைப் பார்த்தார். கருப்பையில் ரத்த ஓட்டம் கலந்திருந்ததால் ஒன்றின் ரத்த அணுக்கள் மற்றதன் உடம்பில் வளர்ந்த பிறகும் இருந்தன, எந்தச் சண்டையும் இல்லாமல். அந்நியப் பொருளை "நம்ம ஆள்" என்று உடம்பு கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு முதல் வலுவான சாட்சி அதுதான். 1953-இல் லண்டனில் மெடாவர் என்ற விஞ்ஞானியும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் அதைச் செய்தே காட்டினார்கள். எலிக்கருவுக்கு வேறு இன எலியின் செல்களைச் செலுத்தினார்கள். வளர்ந்த பிறகு அந்த இனத்தின் தோலை ஒட்டினால் உதிரவில்லை.

குதிரை வேறு. அங்கே நமக்கு வேண்டியது சண்டை. விஷத்தை இறுக்கிப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் நிறைய வேண்டும் என்பதற்காகவே குதிரைக்கு அளவைக் கூட்டிக் கூட்டி ஏற்றுகிறார்கள். தேன்காரரின் ஐஜிஜி4 குணமே வேறு. அது தன் உடலில் பாதியைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஐஜிஜி4-உடன் மாற்றிக்கொள்ளும். அதனால் அதன் ஒரு கை ஒரு பொருளைப் பிடிக்கும், மறு கை வேறொன்றைப் பிடிக்கும். ஒரே பொருளைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, "வாருங்கள், தாக்குங்கள்" என்று மற்ற படைகளைக் கூப்பிட அதற்கு வராது. பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும். ஒவ்வாமைக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.


உச்சிவெயில்

இவ்வளவு சொல்கிறீர்கள், அப்படியானால் மருந்து கையிலேயே இருக்கிறதே. மச்சினனுக்குத் தினமும் ஒரு தேனீயைக் கையில் வைத்துக் கொட்ட வைத்தால் பழகிவிடாதா? எங்கள் தாத்தாவுக்கு மூட்டுவலி. தானே தேனீயைப் பிடித்து முழங்காலில் வைத்துக்கொள்வார். 84 வயது வரை இருந்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஊசி மருந்துக்கு அலையாமல் முடியுமானால் நல்லதுதானே என்றுதான்.


இரவுப்பணி

உச்சிவெயில், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இதை யாரும் செய்துவிடாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தாத்தாவுக்கு ஒவ்வாமை இல்லை, அதனால் தப்பித்தார். மச்சினனுக்கு ஒரே கொட்டில் அழுத்தம் விழுந்திருக்கிறது. அவருக்கு அடுத்த தேனீயே கடைசித் தேனீயாகிவிடலாம். ஒரு கொட்டு என்பது "கொஞ்சம்" இல்லை, அவர் உடம்புக்கு அது முழு அளவு. தேனீயிடம் பாதி கொட்டு, கால் கொட்டு என்று சொல்ல முடியாது.

கதம்பைப்புகை அண்ணன் எழுதியதில் இரண்டு இடத்தைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரத்தில் யாருக்கும் கை கால் ஓடாது.

ஒன்று, உட்கார வைத்தது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழும்போது ஆளை நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் இன்னும் குறையும். எழுந்து நின்ற நொடியில் இதயம் நின்றவர்கள் இருக்கிறார்கள். படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார விடலாம். பைக் வேண்டாம். ஆட்டோவின் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டு போனாலும் அதைவிட மேல். 108-ஐ அழையுங்கள்.

இரண்டு, சுண்ணாம்பு. அதில் போன நிமிடங்கள். கொடுக்கை எடுக்கலாம், எப்படியாவது உடனே எடுங்கள். சுரண்டுவதா பிடுங்குவதா என்று யோசிக்க வேண்டாம், விஷப்பையில் பெரும்பங்கு 20 நொடிக்குள் இறங்கிவிடும். அதற்கு மேல் உடம்பு முழுக்க அரிப்பு, குரல் மாற்றம், தலைசுற்றல் என்றால் ஒரே மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொன்று. அவில், டெக்ஸா மாதிரி அலர்ஜி மருந்தெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவை அரிப்பைக் குறைக்கும், விழும் அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. "ஊசிதான் போட்டாச்சே" என்று அவில் மட்டும் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேனா மாதிரி தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூல் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பியில் வருவது விலை குறைவு. டாக்டரிடம் எழுதி வாங்கி, எப்படிப் போடுவது என்று வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள்.


செல்நோக்கி

இரவுப்பணி சொன்னதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் "அனுபவத்தில் பார்த்தது" என்பது இதே விஷயத்தில் டாக்டர்களையே ஏமாற்றியிருக்கிறது.

ஒவ்வாமைப் பொருளை மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பழக்கும் யோசனை 1911-இல் லண்டனில் லெனார்ட் நூன் செய்தது. புல் மகரந்தத்தைக் கரைத்து ஊசியாகப் போட்டார். தேனீக்கும் அப்படிச் செய்யலாம் என்று பிறகு தேனீயை முழுசாக அரைத்து, அந்தச் சாற்றைப் பல பத்தாண்டுகள் போட்டுவந்தார்கள். நிறையப் பேருக்குக் குணமானது போலவே தெரிந்தது. மேரி லவ்லெஸ் என்ற பெண் மருத்துவர் மட்டும், "வேண்டியது விஷம்தான், உடம்பு இல்லை" என்று பூச்சியின் விஷப்பையைக் கையாலேயே பிரித்து எடுத்துச் சிகிச்சை செய்தார். ரொம்ப நாள் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

1978-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லிக்டன்ஸ்டைன் குழுவினர் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு குழுவுக்கு அரைத்த சாறு, ஒரு குழுவுக்கு வெறும் போலி ஊசி, ஒரு குழுவுக்குச் சுத்தமான விஷம். பிறகு ஆஸ்பத்திரியில் வைத்துப் பூச்சியைக் கொட்ட வைத்தார்கள். சாறு பெற்றவர்களில் 11-க்கு 7 பேருக்கும், போலி ஊசிக்காரர்களில் 12-க்கு 7 பேருக்கும் உடம்பு முழுக்க ஒவ்வாமை வந்தது. விஷம் பெற்றவர்களில் 18-க்கு ஒரே ஒருவருக்கு. அவ்வளவு காலம் போட்ட சாறு தண்ணீர் ஊசிக்குச் சமமாக நின்றது. எத்தனையோ பேர் அதை நம்பித் தைரியமாகத் தோட்டத்துக்குள் போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு கலங்கும். ஒரு கொட்டில் ஒவ்வாமை வந்தவர் எல்லோருக்கும் அடுத்த கொட்டிலும் அதே அளவு வரும் என்பதில்லை. அதனால்தான் மருந்து வேலை செய்த மாதிரி தோன்றியிருக்கிறது.


பனிக்கரை (சுவிட்சர்லாந்து)

நான் அந்த விஷ ஊசியை ஐந்து வருடம் போட்டவன், அதனால் எழுத வேணும் போல இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 19 வருடம் ஆகிறது. எனக்குத் தேனீ இல்லை, குளவி. வெளியில் வைத்த சோடாப் பேணிக்குள் இருந்தது தெரியாமல் குடித்து, உதட்டில் குத்திவிட்டது. மச்சினன் கதைதான் எனக்கும். கண் விழித்தபோது அம்புலன்ஸில் கிடந்தேன்.

முதலில் எந்தப் பூச்சி என்று தோலிலும் ரத்தத்திலும் சோதித்தார்கள். தேனீயின் விஷம் வேறு, குளவியின் விஷம் வேறு, மாறிப் போட்டால் பிரயோசனம் இல்லை. முதல் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்து, கையில் மருந்தேற்றும் குழாயும் போட்டுவிட்டு, 0.1 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். அரை மணி பொறுத்து 1. பிறகு 10, 20 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு தாதி வந்து அழுத்தம் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, கையில் மூச்சை ஊதச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தது. 20-ஐத் தாண்டும்போது கழுத்தில் தடிப்பு வந்தது, நிறுத்தி மருந்து தந்து ஒரு மணித்தியாலம் காத்திருந்து தொடர்ந்தார்கள். இதை வீட்டில் செய்யலாமா என்று கேட்பவர்கள் அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்துப் பார்க்க வேணும்.

பிறகு மாதம் ஒரு முறை 100 மைக்ரோகிராம். அது தேனீ என்றால் இரண்டு கொட்டுக்குச் சமமாம். போட்ட கை இட்டலி மாதிரி வீங்கும், இரண்டு நாளில் வத்திவிடும். அரை மணி அங்கேயே இருந்துவிட்டு வேலைக்குப் போவேன். மூன்றாம் கோடையில் குளவி ஒன்று காலில் குத்தியது. மனிசி அட்ரினலின் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நிலத்தில் இருந்தா. ஒன்றும் வரவில்லை. காலில் ஒரு சின்னச் சிவப்பு. இரண்டு பேரும் அழுதோம்.

டாக்டர் சொன்னது: குளவிக்கு இந்தச் சிகிச்சை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காக்கும், தேனீக்கு எண்பது அளவில். சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்து வருடம் போடுவார்கள்.


மழைக்குருவி (லண்டன்)

தேனீ இழைக்குள் நிலக்கடலையைக் கொண்டு வருகிறேன், மன்னிக்கவும். என் மகனுக்கு நான்கு மாதத்திலேயே முகம் முழுக்கக் கரப்பான் (எக்ஸிமா). "கடலை மட்டும் மூன்று வயது வரை கண்ணில் காட்டாதே" என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் காட்டவில்லை. ஒன்றேகால் வயதில் யாரோ கொடுத்த பிஸ்கட்டில் கடலை இருந்து, முகம் வீங்கி, வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கொடுக்காமலே இருந்த பொருளுக்கு உடம்பு எப்படி எதிரியானது? செல்நோக்கி, இது என்னை எட்டு வருடமாகத் துரத்தும் கேள்வி.


செல்நோக்கி

மழைக்குருவி, முதலில் ஒன்று. அந்தப் பெரியவர்கள் சொன்னதைத்தான் ஒரு காலத்தில் டாக்டர்களும் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000-இல், ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைக்கு மூன்று வயது வரை கடலை வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2008-இல் அதை விலக்கிக்கொண்டது. உங்கள் மேல் தவறு இல்லை.

வாய் வழியாக வரவில்லை, ஆனால் தோல் வழியாக வந்திருக்கலாம். வீட்டில் யாராவது கடலை சாப்பிட்டால் அதன் துகள் மெத்தையில், கையில், தூசியில் இருக்கும். கரப்பான் வந்து வெடித்த தோல் திறந்த கதவு. தோல் வழியாக உள்ளே வரும் அந்நியப் புரதத்தைக் கிருமி மாதிரி, ஆபத்து என்ற முத்திரையோடு உடம்பு பார்க்கிறது. குடல் அப்படி இல்லை. தினமும் நாம் தின்னும் அத்தனையும் அந்நியம்தான், ஒவ்வொன்றோடும் சண்டை போட்டால் சாப்பிடவே முடியாது. அதனால் குடலில் பொறுத்துப்போவதுதான் இயல்பான பதில். அங்குள்ள செல்கள் அடக்கும் டி செல்களை உருவாக்கி அனுப்புகின்றன. 1911-இலேயே வெல்ஸ், ஆஸ்போர்ன் என்ற இருவர் இதைக் கண்டிருக்கிறார்கள். மக்காச்சோளம் தின்று வளர்ந்த கினிப் பன்றிகளுக்குச் சோளப் புரதத்தை ஊசியாகப் போட்டபோது ஒவ்வாமை அதிர்ச்சி வரவில்லை.

லண்டனில் கிடியன் லாக் என்ற மருத்துவர் இதைப் பின்தொடர்ந்தார். பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைவிடச் சுமார் பத்து மடங்கு இருந்தது. இஸ்ரேலில் குழந்தைகள் பல் முளைக்கும் வயதிலேயே பம்பா என்ற கடலைப் பொரியைச் சப்புவார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 2015-இல் வெளியான பெரிய சோதனை. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகள், 4 முதல் 11 மாத வயது. பாதிப் பேருக்குக் கடலை கொடுத்தார்கள், பாதிப் பேருக்குத் தவிர்த்தார்கள். தோல் சோதனையில் ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாதவர்களில், ஐந்து வயதில் தவிர்த்தவர்களுக்கு 13.7 சதவீதம் ஒவ்வாமை, தின்றவர்களுக்கு 1.9 சதவீதம். அதே லாக் 2003-இல் இன்னொன்றும் காட்டியிருந்தார்: கடலை எண்ணெய் சேர்ந்த களிம்புகளைக் குழந்தையின் தோலில் தடவிய வீடுகளில் கடலை ஒவ்வாமை அதிகம். கரப்பான் உள்ள பிள்ளைக்கு எதைத் தேய்ப்பது என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்வதே நல்லது.

இது ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் கடலை ஊட்டச் சொல்வது அல்ல. அவர்களுக்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. நிலக்கடலை மாவை மில்லிகிராமில் தொடங்கி ஏற்றுவார்கள், மேற்பார்வையில். 2020-இல் அமெரிக்கா இதற்கு ஒரு மருந்தையே அனுமதித்தது. அதனால் ஆசைப்பட்டதைத் தின்ன முடியாது. தெரியாமல் ஒரு துண்டு உள்ளே போனால் தாங்கும் அளவுக்குக் கொண்டு வருவார்கள்.


வைகைக்கரை

கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும் என் மகளுக்கு. அதுவும் இந்தக் கணக்குதானா?


செல்நோக்கி

அது நிக்கல். ஐஜிஇ இல்லை, டி செல்கள் நேராகச் செய்யும் மெதுவான ஒவ்வாமை. ஆனால் கதவுக் கணக்கு அங்கும் உண்டு. காது குத்தும் முன்பே பல்லுக்குக் கம்பி போட்டிருந்த பெண்களிடம் நிக்கல் ஒவ்வாமை குறைவு என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. கம்பியிலிருந்து நிக்கல் துளித்துளியாக வாய்க்குள் போயிருக்கிறது. காது குத்திய பிறகு கம்பி போட்டவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. எந்தக் கதவு முதலில் திறந்தது என்பதுதான். மகளுக்கு இப்போது தங்கம், டைட்டானியம் போன்றவை நல்லது. வந்துவிட்ட நிக்கல் ஒவ்வாமை பொதுவாகப் போகாது.


கதம்பைப்புகை · தை இரண்டாம் வாரம்

பத்து மாதம் கழித்து வருகிறேன். இழையை அப்போதே வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

மச்சினனுக்கு ரத்தப் பரிசோதனை ஆயிற்று, தேனீ விஷத்துக்கு ஐஜிஇ அதிகம் என்று வந்தது. விஷ ஊசிச் சிகிச்சைக்கு டாக்டர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை அவன் தோட்டத்துக்கு வருவதில்லை, தேனைப் பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்குக் கொண்டு போவது அவன் பொறுப்பு. முதலில் கோபப்பட்டான். பனிக்கரை எழுதியதை வாசித்த பிறகு பேசவில்லை. அட்ரினலின் ஆம்பூல் இரண்டும் சிரிஞ்சும் அவன் வீட்டில் ஒரு செட், என் வண்டியில் ஒரு செட். என் மனைவியும் மைனியும் டாக்டரிடம் கற்றுக்கொண்டு வந்து, வெறும் தண்ணீரை ஆரஞ்சுப் பழத்தில் ஏற்றிப் பழகினார்கள். தோட்டத்தில் போடும் சட்டையை இப்போது நானே தனியாக அலசுகிறேன். தேனீ வளர்க்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னார். மகள்தான் இதுவரை துவைத்துக்கொண்டிருந்தாள்.

செல்நோக்கி, உங்களுக்காக ஒரு வேலை செய்திருக்கிறேன். மழை விட்டுப் பெட்டி திறந்த அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு, கொட்டின இடத்தை மறுநாள் காலையில் மகளின் ஸ்கேலால் அளந்து எழுதுகிறேன். முதல் கொட்டு, இடது மணிக்கட்டு: 7 செ.மீ. மூன்றாவது: 6. ஆறாவது, அதே கை: 4. நேற்று விழுந்தது பதினொன்றாவது. இன்று காலை பார்த்தால் 1 செ.மீ. கூட இல்லை, எங்கே கொட்டியது என்று தேட வேண்டியிருந்தது. பருவம் முடிந்து பெட்டியை மூடும் வரை எழுதுகிறேன். எந்த இடத்தில் அளக்க வேண்டும், எத்தனை மணி நேரம் கழித்து என்று நீங்கள் சொன்னால் அப்படியே மாற்றிக்கொள்கிறேன்.